டயரைப் படிப்பது எப்படி: யாருடைய பெயர், எந்தத் தொழிற்சாலை, என்ன வயது

ஒரு டயருக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. பக்கச்சுவரில் பெரிய எழுத்தில் இருப்பது பிராண்டு. அந்தப் பிராண்டை இன்று கையில் வைத்திருக்கும் கம்பெனி இரண்டாவது. டயரை அச்சிலிருந்து இறக்கிய தொழிற்சாலை மூன்றாவது. மூன்றும் ஒன்றேதான் என்று நினைத்து டயர் வாங்குகிறவர்கள் நிறைய. நூறாண்டுப் பழைய ஐரோப்பியப் பெயர் ஒரு ஜப்பான் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம், டயர் மூன்றாவது நாடு ஒன்றில் தயாராகியிருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டயர் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டே வளர்ந்தவை; பெயர்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. பக்கச்சுவரைப் படிக்கத் தெரிந்தால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். டயரின் வயதும் கூடவே கிடைத்துவிடும்.

கையில் ஒரு டார்ச், ஒரு ஈரத்துணி, ஒரு வெள்ளை சாக்பீஸ், படம் எடுக்க மொபைல் இருந்தால் போதும். டயரில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். இங்கே அவற்றின் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்.

டிஓடி வரியிலிருந்து தொடங்குங்கள்

பிராண்டு பெயரை முதலில் பார்க்காதீர்கள். ரிம்முக்கு அருகே, சின்ன எழுத்தில் டிஓடி என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1970களின் தொடக்கத்தில் அங்கே விற்கும் டயர்களுக்குக் கட்டாயமாக வந்தது. ஏற்றுமதி செய்கிற கம்பெனிகள் எல்லாம் இதைப் பொறிப்பதால் உலகின் பெரும்பாலான டயர்களில் இது இருக்கும்.

துணியால் துடைத்துக் காயவிடுங்கள். சாக்பீஸைப் படுக்கவைத்து எழுத்துகளின் மேல் லேசாகத் தேய்த்தால், மேடான எழுத்துகளில் மட்டும் வெள்ளை ஒட்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழும்போதுதான் தேய்ந்த எழுத்து தெரியும்.

வரியின் கடைசியில் வரும் நான்கு எண்கள், அதாவது டயரைச் செய்த வாரமும் ஆண்டும், இல்லையென்றால் டயரில் குறை என்று முடிவுகட்ட வேண்டாம். முழு வரி ஒரு பக்கத்தில் மட்டும்தான் கட்டாயம். மறுபக்கத்தில் பாதி வரியோடு நின்றுவிடும். காரணம் டயரை வார்க்கும் அச்சில் இருக்கிறது. வாரம், ஆண்டு எண்கள் அச்சோடு சேர்த்துச் செதுக்கப்பட்டவை அல்ல. கழற்றி மாட்டும் சின்னத் தகடு அது. அதனால்தான் டயரில் அந்த எண்களைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு பள்ளம் தெரிகிறது. வாராவாரம் அந்தத் தகட்டை மாற்ற வேண்டும். 150 முதல் 180 டிகிரி வரை சூடேறும் அச்சின் மேல்பாதிக்குள் கைவிட்டு இதைச் செய்வது ஆபத்தான வேலை என்பதால் ஒரு பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால், முன்சக்கரத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வைத்துப் பார்க்கலாம். பின்சக்கரத்துக்கு மொபைலை உள்ளே நீட்டிப் படமெடுப்பது நல்லது. ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டாம்.

இப்போது படிப்போம். வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: டிஓடி 4பி 9எக்ஸ் கேடிஆர் 2319. முதல் இரண்டு இடங்கள் தொழிற்சாலையின் குறி. அடுத்தவை அளவுக்கும் ரகத்துக்கும் கம்பெனி வைத்துக்கொண்ட குறிகள், நமக்கு அதிகம் பயன்படாது. கடைசி நான்கு எண்கள் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தைச் சொல்கின்றன, அதாவது ஜூன் மாதத் தொடக்கம். தொழிற்சாலைக் குறி மூன்று இடமாகவும் இருக்கலாம். இரண்டு இடக் குறிகள் தீர்ந்துபோனதால் 2015இல் அமெரிக்க விதியை மாற்றினார்கள். பழைய தொழிற்சாலைகள் தங்கள் குறிக்கு முன்னால் 1 சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் வரை தவணை கொடுத்தார்கள். எனவே ஒரே தொழிற்சாலையின் பழைய டயரில் 4பி என்றும் புது டயரில் 14பி என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

குறியைப் படிப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஜி, ஐ, ஓ, க்யூ, எஸ், இசட் ஆகிய ஆறு எழுத்துகளும் இந்த வரியில் வரவே வராது, எண்ணோடு குழம்பக்கூடாது என்றே விலக்கிவைத்தவை. ஓ போலத் தெரிந்தால் அது சுழியம், எஸ் போலத் தெரிந்தால் 5, இசட் போலத் தெரிந்தால் 2. சரியாகப் படித்த குறியை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் கொடுத்தால் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் வந்துவிடும்.

கடைசியில் நான்குக்குப் பதில் மூன்று எண்களே இருந்தால் டயர் 2000ஆம் ஆண்டுக்கு முந்தையது. 238 என்றால் 23ஆவது வாரம், 8இல் முடியும் ஆண்டு. அது 1978ஆ, 1988ஆ, 1998ஆ என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1990களில் சில கம்பெனிகள் மட்டும் பின்னால் ஒரு சின்ன முக்கோணம் பொறித்தன. எந்தப் பத்தாண்டாக இருந்தாலும் அந்த டயர் சாலையில் ஓடக்கூடாது. பட்டன், அதாவது தரையில் படும் மேல்பட்டையின் கட்டங்கள், புத்தம் புதிதாக இருந்தாலும் இதுதான் முடிவு.

பெயருக்குப் பின்னால் இருப்பவர்கள்

தொழிற்சாலை தெரிந்த பிறகு பிராண்டுக்கு வாருங்கள். பெயரை வைத்து மட்டும் நிறுவனரை ஊகிக்கக்கூடாது என்பதற்குக் குட்இயரே போதும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கும் என்று 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அதே முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். குட்இயர் 1860இல் கடனோடு இறந்தார். அவர் பெயரைத் தாங்கும் கம்பெனியை 38 ஆண்டுகள் கழித்து, 1898இல், ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் தொடங்கினார். கண்டுபிடித்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அதில் பங்கில்லை. மரியாதைக்காக வைத்த பெயர் அது.

ஆக்ரனுக்கு ரப்பர் தலைநகரம் என்றே பெயர். 1870இல் அங்கே முதலில் ரப்பர் ஆலை வைத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் குட்ரிச். பி.எஃப்.குட்ரிச் அவர் பெயர்தான். 1900இல் ஹார்வி ஃபயர்ஸ்டோன் வந்தார். ஜெனரல் டயரும் அந்த ஊர்தான். இந்த நால்வரில் குட்இயர் மட்டுமே இன்றும் தனிக் கம்பெனியாக நிற்கிறது. ஃபயர்ஸ்டோன் என்று பொறித்த டயர் பிரிட்ஜ்ஸ்டோனுடையது. 1988இல் 260 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். பி.எஃப்.குட்ரிச் மிஷலினுடையது. ஜெனரல் 1987இலிருந்து கான்டினென்டலுடையது.

பிரிட்ஜ்ஸ்டோன் என்ற பெயரைக் கேட்டு அமெரிக்கக் கம்பெனி என்று நினைப்பவர்கள் உண்டு. ஜப்பானில் குருமே நகரத்துக்காரரான ஷோஜிரோ இஷிபாஷி 1931இல் தொடங்கியது அது. இஷி என்றால் கல், ஹஷி என்றால் பாலம். தன் குடும்பப் பெயரையே ஆங்கிலமாக்கித் திருப்பிப் போட்டார்.

இரட்டைச் சிக்கல் உள்ள பெயர்கள் இரண்டு, கவனமாகப் பாருங்கள். முதலாவது யூனிராயல். ஐரோப்பிய யூனிராயலை 1979இல் ஜெர்மனியின் கான்டினென்டல் வாங்கியது. அமெரிக்க யூனிராயல் முதலில் குட்ரிச்சோடு சேர்ந்து, 1990இல் மிஷலினுக்குப் போனது. அதாவது ஒரே பெயரை நேருக்கு நேர் போட்டியிடும் இரண்டு கம்பெனிகள் இரண்டு கண்டங்களில் பயன்படுத்துகின்றன. ஒன்றைப் பற்றிய விமர்சனத்தைப் படித்துவிட்டு மற்றொன்றை வாங்கினால் பொருந்தாது.

இரண்டாவது டன்லப், இன்னும் பின்னல். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர். 1887இல் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார், 1888இல் காப்புரிமை பெற்றார். அந்தக் காப்புரிமை செல்லாது என்று பிறகு முடிவானது. ஏனென்றால் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அன்று சைக்கிளும் இல்லை, காரும் இல்லை; குதிரைவண்டிக்குச் செய்த டயர் விலைபோகவில்லை. டன்லப்பின் பெயர் நின்றதற்குக் காரணம், 1889இல் டப்ளினில் ஹார்வி டு க்ரோஸ் அதைக் கம்பெனியாக்கியதுதான். கம்பெனி தொடங்கிய கொஞ்ச காலத்துக்குள்ளேயே, ரிம்மில் கழற்றி மாட்ட வசதியான பீடு (ரிம்மைப் பிடிக்கும் டயரின் உள்விளிம்பு) முறைகளின் உரிமைகளை அது வாங்கிவிட்டது. காற்று டயர் என்ற யோசனையைவிட, பஞ்சர் ஆனால் கழற்றி ஒட்டி மாட்ட முடியும் என்பதே வியாபாரத்தைக் காப்பாற்றியது. தாய்க்கம்பெனி 1980களில் உடைந்தது. ஐரோப்பிய டயர்ப் பகுதியை ஜப்பானின் சுமிட்டோமோ எடுத்தது. 1999இல் குட்இயர் கூட்டுச் சேர்ந்தது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா பகுதிகளில் குட்இயரிடம் இருந்த பெயர் உரிமைகளை 2025இல் சுமிட்டோமோ வாங்கிக்கொண்டது. இந்தியாவின் டன்லப் இவற்றோடு சேராத தனிக் கம்பெனியாக இருந்தது. எனவே டன்லப் என்று இருந்தால் ஆண்டையும் தொழிற்சாலைக் குறியையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தக் கம்பெனியின் டயர் என்று சொல்லாதீர்கள்.

மற்றவை நேரடியானவை. கான்டினென்டல் 1871இல் ஹானோவரிலும், பிரெல்லி 1872இல் மிலனிலும் தொடங்கின. பிரெல்லியின் பெரும்பங்கு 2015இல் சீனாவின் கெம்சைனாவுக்குப் போனது. சியட் 1924இல் இத்தாலியின் டூரினில் பிறந்தது, மின்கம்பி செய்த கம்பெனியின் பெயர்ச்சுருக்கம்தான் சியட். 1958இல் இந்தியா வந்து, 1982இல் ஆர்.பி.ஜி. குழுமத்திடம் சேர்ந்தது. விரெடஸ்டைன் நெதர்லாந்துப் பெயர், 2009 முதல் அப்போலோவுடையது. எம்.ஆர்.எஃப். 1946இல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை சென்னைத் திருவொற்றியூரில் வைத்த பலூன் பட்டறையிலிருந்து வளர்ந்தது. 1952இல் ரீட்ரெட் ரப்பருக்கு, அதாவது தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை போடும் ரப்பருக்கு மாறி, 1961இல் ஒஹாயோவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயர் செய்யத் தொடங்கியது.

ஒரே எழுத்து, ஆர்

அளவு வரியில் 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது அங்குலத்தில் ரிம். 88 என்பது ஒரு டயர் தாங்கும் சுமைக்கான குறியீட்டு எண், 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. மொத்த விட்டம் வேண்டுமென்றால் 15ஐ 25.4ஆல் பெருக்கி, இருமடங்கு பக்கச்சுவரைக் கூட்டுங்கள்: 381 + 240.5 = 621.5 மி.மீ. மாற்று அளவு போடும்போது இந்தக் கணக்கு முக்கியம். விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும்.

நடுவில் நிற்கும் ஆர் என்ற எழுத்துதான் இந்தத் தொழிலின் தலையெழுத்தை மாற்றியது. அதற்கு முன்பு டயரின் ரப்பருக்குள் வலுவுக்காகப் பதித்த நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடின. ஓட்டுநர்கள் நைலான் டயர் என்பது இந்தக் குறுக்குநூல் டயரைத்தான். பிரான்சின் கிளெர்மான்-ஃபெரான் நகரில் மிஷலின் கம்பெனியின் மாரியஸ் மின்யோல், டயர் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று ஆராய, பக்கச்சுவரில் நூலுக்குப் பதில் இடைவெளிவிட்ட கம்பிகளை நேராக வைத்து ஒரு சோதனை டயர் செய்தார். பார்க்க ஈக்கூண்டு போல இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது. நூல்கள் ஒன்றோடொன்று உரசாததால் சூடு குறைந்தது. நேர்நூலுக்கு மேல் ஸ்டீல் பெல்ட் சுற்றியபோது ரேடியல் பிறந்தது. காப்புரிமை 1946, விற்பனைக்கு வந்தது 1949.

அமெரிக்கக் கம்பெனிகள் இதை நீண்ட காலம் தள்ளிப்போட்டன. ரேடியல் செய்யக் குறுக்குநூல் இயந்திரங்களை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்க வேண்டும், டயரும் இருமடங்கு காலம் ஓடும் என்றால் விற்பனை குறையும். 1970களில் பெட்ரோல் விலை ஏறியபோது கார்க் கம்பெனிகளே ரேடியல் கேட்டன. அவசரமாக இறங்கியதில் ஃபயர்ஸ்டோன் 500 ரேடியலில் ஸ்டீல் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் பிடிப்பு விட்டு, 1978இல் பெரிய அளவில் திரும்பப்பெற வேண்டியிருந்தது. பத்தே ஆண்டில் கம்பெனி பிரிட்ஜ்ஸ்டோனிடம் போனது.

படிக்கும்போது இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆர் இருந்தால் ரேடியல், அந்த இடத்தில் சிறு கோடு இருந்தால் குறுக்குநூல். 100/90-17 என்ற பைக் டயரும் 7.50-16 என்ற சரக்குவண்டி டயரும் கோட்டு ரகம். சரக்கு டயரில் 16 பி.ஆர். (ப்ளை ரேட்டிங், அடுக்கு மதிப்பு) என்று வந்தால் உள்ளே பதினாறு அடுக்கு நூல் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். பருத்தி நூல் காலத்தில் அடுக்கை எண்ணியே வலுவைச் சொன்னார்கள். ரேயானும் நைலானும் வந்தபின் குறைந்த அடுக்கிலேயே அந்த வலு கிடைத்தது, எண் மட்டும் வலுவின் அளவாகத் தங்கிவிட்டது. வண்டியின் ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் குறுக்குநூலும் ஒருபோதும் போடக்கூடாது. வளைவில் இரண்டும் வெவ்வேறு விதமாக வளைந்துகொடுக்கும், வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

நாட்டைக் காட்டாத முத்திரைகள்

வட்டத்துக்குள் ஈ4 என்று இருப்பதைப் பார்த்து நெதர்லாந்து டயர் என்று சொல்லிவிடுவார்கள். ஈ முத்திரையின் எண், ஐரோப்பிய விதிப்படி ஒப்புதல் கொடுத்த நாட்டைக் காட்டுகிறது: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். டயர் வேறெங்கும் செய்யப்பட்டிருக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அப்படியே. இந்தியாவில் விற்கும் டயருக்கு அது தேவை, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளும் உரிமம் பெற்றுப் பொறிக்கின்றன. செய்த நாடு தனியாக எழுதப்பட்டிருக்கும். அது தொழிற்சாலைக் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால் போலியைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

வயதும் தோலும்

தேதி தெரிந்தபின் டயரைத் தொட்டுப் பாருங்கள். பக்கச்சுவரில் பழுப்பு நிறத்தில் படலம் இருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். ஓசோன் வெடிப்பைத் தடுக்கக் கலந்த மருந்தும் மெழுகும் மேலே வந்து ஆக்ஸிஜனோடு சேர்ந்த நிறம் அது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த பாலிஷ் அதைக் கரைத்துவிடும், பளபளப்போடு வெடிப்பும் சீக்கிரம் வரும். ஓடாத டயர்தான் ஓடுகிற டயரைவிட வேகமாக வெடிக்கும். வளைந்து நிமிரும்போதுதான் மெழுகு வெளியே வருகிறது.

கறுப்பு நிறமும் ரப்பரின் இயல்பு அல்ல. ஆரம்ப டயர்கள் வெளிர்நிறம். 1898இல் தோன்றிய மிஷலின் பொம்மை வெள்ளையாக இருப்பதும் அதனால்தான். 1910களில் குட்ரிச் கரித்தூளை அதிக அளவில் கலக்கத் தொடங்கியபின்தான் தேய்மானம் பெருமளவு குறைந்தது.

ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கொருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெரிய கம்பெனிகளே சொல்லும் வரம்பு இது. காருக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்தால் வயது எதுவானாலும் அது மொட்டை டயர்தான். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு பட்டனோடு சமமாவதைப் பார்த்து இதை அறியலாம். ரீட்ரெட் செய்த டயரில் டிஓடி-ஆர் என்று தனிக் குறியும் தேதியும் இருந்தால், பழைய தேதியையும் தேடிப்பாருங்கள். மேல்பட்டை புதிது, உள்ளே இருக்கும் டயரின் உடல் பழையது. தேதி இருந்த இடம் மட்டும் வழவழப்பாக உராய்த்திருந்தால் அந்த டயரை வாங்க வேண்டாம்.

ஐந்தாவது டயர்

நான்கு சக்கரங்களின் டிஓடி வரியையும் படமெடுத்த பிறகு ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் படமெடுங்கள். இதன் அவசியத்தை 2000ஆம் ஆண்டு காட்டியது. ஃபயர்ஸ்டோன் அந்த ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பக் கேட்டது. 235/75 ஆர் 15 அளவில் ஏடிஎக்ஸ் ரகம் எங்கே செய்திருந்தாலும் அதில் சேர்ந்தது. வில்டர்னஸ் ஏடி ரகத்தில் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் தொழிற்சாலையில் செய்தவை மட்டும். ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே பட்டன் கொண்ட இரண்டு டயர்களில் எது ஆபத்தானது என்பதை அன்று பிரித்துக்காட்டியது டிஓடிக்கு அடுத்து வரும் விடி என்ற இரண்டு எழுத்துகள். அடுத்த ஆண்டு வேறு தொழிற்சாலைகளின் வில்டர்னஸ் டயர்களுக்கும் அது விரிந்தது. திரும்பப்பெறும் அறிவிப்பு வரும்போது தேவைப்படுவது இந்தக் குறிதான். ஸ்டெப்னி பெரும்பாலும் வண்டியோடு வந்த முதல் டயராகவே இருக்கும், நான்கும் மாறிய பிறகும் அது மாறியிருக்காது. முதல் பஞ்சர் ஆகும் நாளில் அதுதான் சக்கரத்தில் ஏறும். வண்டியை விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கேட்டுப் பாருங்கள். அதன் தேதியைச் சொல்லக்கூடியவர் மிகக் குறைவு.